பட்டை பிரித்த சட்டை

என் தங்கைக்கு நான்கு பிள்ளைகள். மூத்தவன் மருந்துக்கடையில் நிற்கிறான். அடுத்தவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். மூன்றாவது பெண், கட்டிக்கொடுத்தது பக்கத்துத் தெருவில்தான், ஒரு சத்தம் கொடுத்தால் வந்துவிடுவாள். இனிமேல் ஏது என்று தொட்டிலை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்ட பிறகு வந்து பிறந்தவன் கடைக்குட்டி. அவனுக்கும் ஒரு பெயர் வைத்தோம். அது பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டது. காதோரம் நரை விழுந்த பிறகும் எங்களுக்கு அவன் கடைக்குட்டிதான்.

அவனைச் சொல்வதானால் அவன் அப்பாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும். என் தங்கையின் வீட்டுக்காரர், எனக்கு மாப்பிள்ளை, பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். பாதி ஆயுளை அங்கே போட்டுவிட்டு கார்ப்பரலாக வீட்டுக்கு வந்தார். கார்ப்பரல் என்றால் கையில் இரண்டு பட்டை. அதற்கு மேல் மூன்று பட்டை போட்டால் சார்ஜென்ட். அந்த மூன்றாவது பட்டை அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் முடிவெட்டுகிற கடைக்காரர் ஒருநாள் "வாங்க சார்ஜென்ட், உக்காருங்க" என்று சொல்லி வைத்தார். மாப்பிள்ளை திருத்தவில்லை. பால்காரர் பிடித்துக்கொண்டார், தபால்காரர் பிடித்துக்கொண்டார், கடைசியில் தெருவே பிடித்துக்கொண்டது. நான் தையல்காரன். அவருடைய சட்டைக்கு எத்தனை பட்டை தைத்தேன் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

வீட்டுக்குள்ளும் அவருக்குப் பட்டாளம்தான். காலையில் குளிப்பதற்கு வரிசை, சாப்பிட உட்காருவதற்கு வரிசை. மேலிருந்து கீழே வந்து கடைக்குட்டிக்குப் போகும்போது வெந்நீர் ஆறியிருக்கும், பாத்திரத்தில் அடி தட்டும். ஏழெட்டு வயதில் ஒருநாள் அவன் கேட்டான்:

"அப்பா, எல்லாருக்கும் கீழ ஒருத்தர் இருக்காங்க. எனக்குக் கீழ யாரு?"

மாப்பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "பூனை" என்றார்.

பையன் அதை நம்பி ஒரு மாதம் பூனைக்கு உத்தரவு போட்டுக்கொண்டு திரிந்தான். பூனை அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அப்படி வளர்ந்தவன் தானும் பட்டாளத்துக்குப் போகிறேன் என்றபோது யாருக்கும் ஆச்சரியமில்லை. போன வேகத்தில் ஒரு பட்டை வாங்கினான். பிறகு இரண்டாவது. அப்பாவுக்கு அதோடு நின்றது, மகனுக்கு நிற்கவில்லை. மூன்றாவது பட்டையோடு அவன் லீவில் வந்த அன்று மாப்பிள்ளை சட்டையைத் தூக்கிக்கொண்டு நேரே என் கடைக்கு வந்தார். நான் தைத்து முடிக்கும்வரை மெஷின் பக்கத்திலேயே நின்றார்.

"கோணலா போகுது பாருங்க மச்சான்."

"கோணலா போறது உங்க தலை மாப்பிள்ளை. வெளிச்சத்தை மறைக்காம தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றார். ஆனால் சிரித்துக்கொண்டே நின்றார். அந்தச் சட்டையோடு பையனைப் படம் பிடித்து, கண்ணாடி போட்டு, வாசல் கதவுக்கு நேர் எதிரே ஆணி அடித்து மாட்டினார். செருப்பைக் கழற்றுகிற எவனும் குனிந்து நிமிர்ந்தால் முதலில் அந்தப் பட்டைதான் கண்ணில் படும். இனி அந்த வீட்டில் சார்ஜென்ட் என்று கூப்பிட்டால் அது பொய்யில்லை என்று அவருக்கு ஒரு நிம்மதி. அவர் அப்படிச் சொல்லவில்லை, நானாகப் புரிந்துகொண்டேன்.

அதற்கு அடுத்த வருடம் அவன் லீவில் வந்தபோது நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன். தங்கை வெந்நீர் வைக்கப் போயிருந்தாள். அவன் பையை இறக்கி வைத்தான். மாப்பிள்ளையின் கண் நேராகக் கைக்குப் போனது. கையில் ஒன்றுமில்லை. மூன்றும் இல்லை, ஒன்றுகூட இல்லை. துணி மட்டும்தான்.

"எங்கடா?"

"கழட்டிட்டேன்பா."

"நீ கழட்டினியா, அவங்க கழட்டினாங்களா?"

"நான்தான். வேற யூனிட்டுக்குப் போயிட்டேன். அங்க சேரணும்னா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"எந்த யூனிட்?"

அவன் தரையைப் பார்த்தான். "சொல்லக் கூடாதுப்பா."

மாப்பிள்ளை எழுந்துவிட்டார். "நானும் அங்க இருந்தவன்தான். பட்டையைக் கழட்டினா அதுக்குப் பேரு தண்டனை. ஸ்டோர்ல கை வச்சியா, ஆபீசர் மேல கை வச்சியா, அதை மட்டும் சொல்லு."

"ரெண்டும் இல்லப்பா."

"அப்ப மறுபடி மூணு பட்டையோட வா. அதுவரைக்கும் எங்கிட்ட ஒண்ணும் பேசாத."

சொன்னவர் நடந்து போய் ஆணியிலிருந்து படத்தைக் கழற்றி, பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்க்க வைத்தார். தங்கை வெந்நீர்ப் பாத்திரத்தோடு வந்து, படம் இல்லாத சுவரையும் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனாள்.

மறுநாள் அவன் என் கடைக்கு வந்தான். சட்டைக் கை கொஞ்சம் பிரிந்திருந்தது. வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். பட்டை இருந்த இடத்தில் துணி வெயில் படாமல் கரும்பச்சையாக, பட்டை வடிவத்திலேயே இருந்தது. சுற்றிலும் என் ஊசி போட்ட பொட்டுகள். ஒரு நூல் இழுபடவில்லை, ஒரு இடம் கிழியவில்லை. கோபத்தில் பிய்த்தால் துணி சொல்லிவிடும். இதைப் பிரித்தவன் உட்கார்ந்து, ஒவ்வொரு தையலாக, பிளேடால் பிரித்திருக்கிறான்.

"உக்காந்து பிரிச்சியா?"

"ஒரு சாயங்காலம் பூரா ஆச்சு மாமா. நீங்க அவ்வளவு கெட்டியா தைச்சிருக்கீங்க." கைக்குட்டையில் மடித்து வைத்திருந்த பட்டைகளை எடுத்து மேஜைமேல் வைத்தான். "இது உங்ககிட்ட இருக்கட்டும். எனக்குக் கொண்டுபோக எடம் இல்ல."

எந்த இடம் என்று நானும் கேட்கவில்லை. ஆனால் அவனுக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்லலாம் என்கிற அளவுக்கு மட்டும் சொன்னான். அங்கே போக எத்தனையோ பேர் முட்டி மோதினார்களாம். மலையிலும் சேற்றிலும் விட்டு வடிகட்டினார்களாம். தேறியவர்கள் எத்தனை பட்டையோடு வந்தாலும் அதை வாசலிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடுதான் உள்ளே போக வேண்டுமாம். திரும்பிப் பழைய இடத்துக்கே போகிறேன் என்றால் பழைய பட்டை பத்திரமாகக் கிடைக்கும். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

"சரி, உள்ள போனா உனக்கு என்ன வேலை?"

என் பட்டன் டப்பாவைத் திறந்து, வெட்டு மேஜையில் பட்டன்களை ஒரு வரிசையாக வைத்தான். "முன்னாடி போறவன் வழி பார்க்கிறவன். இது கதவு உடைக்கிறவன். இது ரேடியோ. இவன்கிட்ட மருந்துப் பை."

"இதுல எதுடா கேப்டன்?"

நடுவில் இருந்த ஒரு சின்னச் சட்டை பட்டனைக் காட்டினான்.

"கேப்டனுக்காவது ஒரு கோட்டு பட்டனை வைக்கக் கூடாதா?"

"அங்க எல்லாரும் ஒரே சைஸ்தான் மாமா. யாரு என்ன வேலை செய்றாங்கிறதுதான் கணக்கு. கதவுகிட்ட நின்னா கதவுக்காரன் பேச்சுதான், கேப்டனும் கேட்கணும். அடிபட்டா மருந்துப் பை பேச்சு."

"நீ?"

வரிசையின் கடைசியில், கொஞ்சம் தள்ளி, ஒரு பட்டனை வைத்தான்.

"இங்கயும் கடைசிதானா?" என்று சிரித்துவிட்டேன்.

அவனும் சிரித்தான். "பின்னாடி பார்த்துக்கிட்டே நடக்கணும் மாமா. எல்லாரும் வந்துட்டாங்களான்னு பார்க்கிறது நான்தான். சின்னதுல குடும்பத்தோட போகும்போது என்னை பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டு எல்லாரும் பஸ் ஏறிட்டீங்களே, ஞாபகம் இருக்கா?"

"உங்கப்பாதான் முன்னாடி நின்னு எல்லாரும் ஏறியாச்சுன்னு சொன்னாரு."

"அதேதான். முன்னாடி நிக்கிறவருக்கு அது தெரியாது. கடைசியில நிக்கிறவனுக்குத்தான் தெரியும்."

பேசிக்கொண்டிருக்கும்போதே தங்கை கடைக்குள் வந்தாள். வந்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பழைய எடத்துக்கே போயிடுடா. நீ பட்டையோட வந்து நின்னாப் போதும், அந்த மனுஷன் படத்தை எடுத்து மாட்டிடுவாரு. உங்கிட்ட பேசிடுவாரு. எனக்கு அது போதும்."

அவன் அந்தக் கடைசி பட்டனைத் தொட்டுக் காட்டினான். "எனக்கும் அப்பா பேசணும்னு இருக்கும்மா. ஆனா நான் வந்துட்டா அந்தக் கடைசி எடத்துல வேற ஒருத்தனை நிறுத்துவாங்க. இந்தப் பயலுங்க எல்லாம்" என்று வரிசையைக் காட்டினான், "திரும்பிப் பார்க்காம நடக்கிறாங்கம்மா. நான் பின்னாடி இருக்கேன்னு."

தங்கை கையை விட்டாள். அவன் லீவு முடியும் முன்பே கிளம்பினான். வெறுங்கையோடுதான் போனான்.

ஆணி காலியாகவே இருந்தது. தெருக்காரர்கள் கேட்டால், கண்ணாடி உடைந்துவிட்டது, மாற்றக் கொடுத்திருக்கிறோம் என்பார் மாப்பிள்ளை. எந்தக் கடையில் கொடுத்தாரோ, ஒரு கண்ணாடி மாற்ற வருடம் திரும்பியது. லீவில் வந்தால் மகன் அப்பா இல்லாத நேரம் பார்த்து வீட்டுக்கு வருவான், அக்காள் வீட்டில் படுப்பான். பக்கத்துத் தெருவிலேயே இருந்தாலும் அப்பாவும் மகனும் ஒருவர் நிழலை ஒருவர் மிதிக்காமல் போய்வந்தார்கள்.

அப்புறம் ஒருநாள் தங்கைக்கு டெலிபோன் வந்தது. அந்த யூனிட்டில் குடும்பத்தார் வந்து பார்ப்பதற்கென்று ஒரு நாள் வைத்திருக்கிறார்களாம். எல்லாரும் வரலாம்.

"நான் எந்த முகத்தோட அந்த கேட்டுக்குள்ள போறது?" என்றார் மாப்பிள்ளை. "திருடனோட அப்பான்னு சொல்லிக்கிட்டா?"

"நீங்க உள்ள வராதீங்க," என்றேன். "ஆனா எனக்குக் கண்ணு சரியில்ல, அவ்வளவு தூரம் என் வேனை ஓட்ட முடியாது. உங்க தங்கமான கையால ஓட்டி வந்து வெளியவே நில்லுங்க."

அவருக்கு எல்லாவற்றையும் மறுக்கத் தெரியும், ஸ்டியரிங்கை மட்டும் மறுக்கத் தெரியாது. வந்தார்.

வண்டியை கேட்டுக்கு வெளியே நிற்க விடவில்லை. உள்ளே ஒரு பெரிய மைதானம். வேலிக்கு இந்தப் பக்கம் வண்டிகளை நிறுத்தச் சொன்னார்கள். தங்கையும் அவள் மகளும் வந்தவர்களுக்குப் போட்டிருந்த பந்தலுக்குப் போய்விட்டார்கள். எனக்கு முழங்கால் வலி, மாப்பிள்ளைக்கு வீம்பு. இரண்டு பேரும் வேனிலேயே உட்கார்ந்திருந்தோம்.

மைதானத்தின் ஒரு மூலையில் மரத்தால் கட்டிய ஒரு வீடு, நடுவில் ஒரு லாரி. மைக்கில் ஒருவர் சொன்னார்: வீட்டுக்குள் ஒருவரை அடைத்து வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், இவர்கள் போய் மீட்டு லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். வந்தவர்கள் எல்லாரும் முகத்தை மூடியிருந்தார்கள். யார் கையிலும் பட்டை இல்லை. மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் மைதானத்தைக் காட்டினேன்.

வரிசையாகப் போனார்கள். கடைசியில் போகிறவன் முன்னால் போகிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தான்.

"அந்தக் கடைசியில போறவன் தோளைப் பாருங்க மாப்பிள்ளை," என்றேன். "இடது தோள் இறங்கியிருக்கு. நடக்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அவனுக்கு நான் இடது பக்கம் இறக்கித்தான் வெட்டுறேன்."

அவர் வேன் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

வீட்டுக்குள் டமார் என்று ஒரு சத்தம், புகை. ஒருவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள். ஒவ்வொருவராக லாரியில் தாவினார்கள். கேப்டன் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறி, போ என்று கையை வீசினார். லாரி உறுமியது. நகரவில்லை.

மாப்பிள்ளை கையால் தொடையில் தட்டினார். "ஆபீசர் கை காட்டிட்டாரு, ஏன் எடுக்க மாட்டேங்கிறான்? கிளட்ச் போயிடுச்சா?"

லாரிக்குப் பின்னால் கடைக்குட்டி மட்டும் ஏறாமல் நின்றிருந்தான். முகம் எங்களைப் பார்க்கவில்லை, அந்த மர வீட்டைப் பார்த்தது. நில் என்று கையை மடக்கி மேலே தூக்கினான். அப்போதுதான் நாங்களும் பார்த்தோம். ரேடியோ தூக்குகிறவனின் வார் அந்த வீட்டு ஜன்னலில் மாட்டிக்கொண்டு, அவன் அங்கேயே இழுத்துக்கொண்டிருந்தான். கடைக்குட்டி ஓடினான். வாரை அறுத்தான். அவனை முன்னால் தள்ளி, தான் பின்னால் பார்த்துக்கொண்டே வந்து, அவனை ஏற்றினான். அப்புறமும் ஏறவில்லை. இன்னொரு தடவை திரும்பி அந்த வீட்டைப் பார்த்தான். பிறகு ஏறி, லாரியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டினான்.

பட், பட்.

அந்தத் தட்டுக்குத்தான் லாரி காத்திருந்தது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. பந்தலில் எல்லாரும் கை தட்டினார்கள். நடந்தது எல்லாமே விளையாட்டில் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

மாப்பிள்ளை கை தட்டவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்திருந்தார். "அது வேஷம் இல்ல மச்சான். அந்த வார் நெஜமாவே மாட்டிக்கிச்சு," என்றார். லாரி கிளப்பிய புழுதியைக் காட்டினார். "எங்க காலத்துல ஆபீசர் போன்னா போவோம். பின்னாடி எவன் ஏறினான், எவன் தொங்குறான், ஒண்ணும் தெரியாது. கண்ணாடியில பார்த்தா புழுதிதான் தெரியும். ஒவ்வொரு தடவையும் போற எடத்துல நிறுத்தி, எல்லாரும் எறங்கினப்புறம்தான் எனக்கு மூச்சு வரும்."

லாரி ஒரு சுற்றுச் சுற்றி வேலியோரமாக, எங்களுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. எல்லாரும் இறங்கித் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். கேப்டனும் அதே புழுதியில் சம்மணம் போட்டார். பேச்சு எங்களுக்கு நன்றாகக் கேட்டது. முதலில் பேசியது கடைக்குட்டி.

"நீங்க கை காட்டினப்ப ரேடியோ ஏறல. நான் தட்டல."

"ஆமா," என்றார் கேப்டன். "ஜனங்க பார்க்கிறாங்கன்னு அவசரப்பட்டுட்டேன். என் தப்பு." பிறகு டிரைவரைப் பார்த்து, "நான் சொல்லியும் நீ எடுக்கல பாரு, அதுதான் சரி," என்றார்.

டிரைவர் தலையாட்டினார். "அவன் தட்டாம எப்படி எடுக்கிறது?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். அவர் வாழ்நாளில் எந்த ஆபீசரும் பட்டை இல்லாத ஒருவனிடம் "என் தப்பு" என்று சொல்லிக் கேட்டதில்லை. வேன் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலையைச் சீவிக்கொண்டார். சட்டையை உள்ளே விட்டார். கதவைத் திறந்து இறங்கி, வேலியைச் சுற்றிப் பந்தலுக்கு நடந்தார். முழங்கால் வலியோடு நான் பின்னால் ஓடினேன்.

பந்தலில் டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முகத்தைக் கழுவிவிட்டு வந்த கேப்டன் ஒவ்வொரு குடும்பத்தாரிடமும் பேசிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளைக்கு முன்னால் நின்றார்.

"நீங்க யாரோட அப்பா?"

"கடைசியா ஏறினானே, அவனோட அப்பா."

தங்கை டீயை வைத்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

கேப்டன் முகம் மலர்ந்தது. "வாங்க சார்ஜென்ட். உங்க பையன் சொல்லியிருக்கான், உங்களைத் தெருவுல அப்படித்தான் கூப்பிடுவாங்கன்னு."

மாப்பிள்ளை விறைப்பாக நின்றார். "கார்ப்பரல் சார். ரெண்டு பட்டை. சார்ஜென்ட்டுங்கிறது தெருவுல ஒட்டிக்கிட்டது. லாரி ஓட்டினேன்."

"லாரி ஓட்டினவருக்குச் சொல்லவே வேணாம், உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்," என்றார் கேப்டன். "எங்க டிரைவருக்கு உங்க பையன் தட்டினாத்தான் காது கேட்கும். நான் கத்தினாக்கூட அப்புறம்தான்."

கேப்டன் நகர்ந்த பிறகு கடைக்குட்டி வந்து நின்றான். முகமூடி கையில் இருந்தது. நெற்றியெல்லாம் புழுதி. அப்பாவும் மகனும் நேருக்கு நேர் நின்றார்கள்.

"கிளட்ச் போயிடுச்சுன்னு நெனச்சேன்," என்றார் மாப்பிள்ளை.

"இல்லப்பா. டிரைவர் நல்லவரு."

"தெரியும். பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்." அவன் வெறும் சட்டைக் கையைத் தோளிலிருந்து முழங்கைவரை ஒரு தடவை தடவிப் பார்த்தார். அங்கே என் ஊசிப் பொட்டு இன்னும் இருந்தது. "மச்சான் கெட்டியாதான் தைச்சிருக்காரு," என்றார். அப்புறம்தான் தங்கை அழுதாள்.

அன்றைக்கே அவனுக்கு லீவு. எங்களோடு வேனிலேயே வந்தான். எல்லாரும் ஏறி உட்கார்ந்தோம். மாப்பிள்ளை இஞ்சினைப் போட்டார். வண்டி நகரவில்லை.

"போலாமே," என்றாள் தங்கை.

அவர் கண்ணாடியில் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்குட்டி மட்டும் கீழேயே நின்று எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். ஏறினான். கதவைச் சாத்தினான். கையை வெளியே நீட்டி வேனைத் தட்டினான். மாப்பிள்ளை அதற்கப்புறம்தான் கியர் போட்டார். இன்றைக்கு வரைக்கும் எங்கள் குடும்பத்தில் எந்த வண்டியும் அவன் தட்டாமல் கிளம்புவதில்லை. பேரப்பிள்ளைகளின் சைக்கிள்கூட.

வீட்டுக்கு வந்ததும் தங்கை பீரோவுக்குப் பின்னால் கைவிட்டுப் படத்தை எடுத்துத் துடைத்துக் கொண்டுவந்தாள். மாப்பிள்ளை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இது பழைய வேலை. இப்ப செய்ற வேலையில ஒரு படம் எடுத்து மாட்டுவோம்."

"அதைப் படம் எடுத்து மாட்டக் கூடாதுப்பா," என்றான் கடைக்குட்டி.

மாப்பிள்ளை காலி ஆணியைப் பார்த்தார். "சரி. அப்ப ஆணி இருக்கட்டும்."

அதற்குப் பின் அவன் அந்த யூனிட்டிலேயே பல வருடம் இருந்தான். முதலிலிருந்து தொடங்கி ஒரு பட்டை, இரண்டு பட்டை, மூன்று என்று அங்கேயும் ஏறினான். ஆனால் நடக்கும்போது கடைசி இடத்தை விடவில்லை. புதிதாக வந்த கேப்டன்கள் முன்னால் வரச் சொன்னார்களாம். இவன் மாட்டேன் என்றானாம். ஓய்வு பெற்று வந்து இப்போது ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கிறான். சாயங்காலம் உள்ளே ஒருவரும் சிக்கிக்கொள்ளவில்லை என்று பார்த்துக் கடைசியாகக் கதவைச் சாத்துகிறவன் அவன்தான். அவன் பிரித்த அந்த மூன்று பட்டையும் என் பட்டன் டப்பாவில்தான் கிடக்கின்றன. அவனும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

மாப்பிள்ளைக்கு இப்போது வயதாகிவிட்டது. "சார்ஜென்ட்" என்று கூப்பிட்டால் "கார்ப்பரல்" என்று திருத்துகிறார். முடிவெட்டுகிறவர் மட்டும் "சரிங்க சார்ஜென்ட்" என்கிறார். புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றி நிமிர்ந்ததும் அந்த ஆணியைப் பார்ப்பார்கள். படம் எங்கே என்று கேட்பார்கள். அவர் அதற்காகவே காத்திருந்தவர்போல நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

"அது என் கடைசிப் பையனுக்கு அடிச்ச ஆணி. அவன் பார்த்த வேலையைப் படம் எடுத்து மாட்டக் கூடாது. உக்காருங்க, சொல்றேன்."